கூண்டில் அடைபட்ட கூரைத் துண்டு

துப்பறியும் தூரான் கானூமும் அவருடைய உதவியாளன் பாபக்கும் இஸ்பஹானிலிருந்து காஷானுக்கு வந்து சேர்ந்தபோது, குற்றவாளி ஏற்கெனவே கூண்டுக்குள் இருந்தது. இருந்தான் என்றோ இருந்தாள் என்றோ எழுத வழியில்லை. அது ஒரு சாந்துத் துண்டு. பூசணிக்காய்ப் பத்தை அளவு. ஒரு பக்கம் குழிந்து, ஒரு முனை கூராகி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு நிற்பது போன்ற கோணலோடு, கனாரிக் குருவிக்கென்று செய்த பித்தளைக் கூண்டுக்குள் ஊஞ்சல் கம்பிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குப் பூட்டு. பூட்டின் சாவி வீட்டுக்காரர் ஹாஜி நுஸ்ரத்தின் கழுத்தில்.

"வீட்டுல பூட்டு வெச்ச சாமான் இது ஒண்ணுதான்," என்றார் ஹாஜி.

"அப்ப கனாரி?" என்றான் பாபக்.

"திறந்து விட்டுட்டேன். அது நிரபராதி."

சிக்கல் என்னவோ சுண்டைக்காய் அளவுதான். மண்டபத்துக் கூரையில் ஓர் ஓட்டை. அந்தக் கூரையிலிருந்து எப்போதோ விழுந்த துண்டு இது. இதை அதில் வைத்தால் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. நேராக வைத்தாயிற்று, தலைகீழாக வைத்தாயிற்று. ஒரு முனை நுழைந்தால் மறுமுனை இடித்தது. இதற்காகவா மலைப்பாதையெல்லாம் வண்டி ஓட்டி வந்தோம் என்று பாபக்குக்குத் தோன்றியது. அவன் முன்பு வாடகைக் கார் ஓட்டியவன். காரை விட்டபிறகும் அவன் வாய் மட்டும் மீட்டர் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தூரான் கானூம் அப்படி நினைக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் பல வருஷம், எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கம்பளங்களை மோந்து பார்த்துப் பிழைத்தவர் அவர். பொருந்தாத எதைக் கண்டாலும் அவருக்குப் பசி எடுக்கும். விருந்தாளிகளுக்கு வைத்த தட்டிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, கைப்பையிலிருந்த சின்னக் கத்தியால் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரிக்க ஆரம்பித்தார்.

"மண்டபத்தைப் பார்க்கலாமா ஹாஜி?"

"வாங்க. உங்க காலடி என் கண்ணு மேல."

மண்டப வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு விருந்தாளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். பாபக்குக்கு மிஞ்சியது ஒரு ஜோடிதான். அதைக் காலில் போட்ட பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே இடது கால் செருப்பு.

"ரெண்டும் இடது காலடி ஹாஜி," என்றான் அவன். "கண்ணைப் பார்த்துக்குங்க."

ஹாஜி சிரிக்கவில்லை. ரோஜாப் பன்னீர் வியாபாரத்தில் ஊறிய மனிதர். முகம் மட்டும் புளித்துப் போயிருந்தது. விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அவர் நடையிலும் ஏதோ ஒரு தடுமாற்றம் இருந்ததைப் பாபக் கவனித்தான். கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

மண்டபம் நிறைய சாரம் கட்டியிருந்தது. சாரத்தின் உச்சியில், கண்ணிமையில்கூடச் சாந்துத் தூள் படிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். கூரையை மீட்டெடுக்கும் வேலையை ஏற்ற இன்ஜினியர் பரிவஷ்.

"களைச்சுப் போகாம இருங்க இன்ஜினியர் கானூம்," என்று தூரான் முறைப்படி வாழ்த்துச் சொன்னார்.

"களைக்க நேரமில்லை கானூம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைத் திருடின்னு பிடிச்சுக் குடுக்கப் போறாங்க."

"பின்னே?" என்றார் ஹாஜி. "இடிஞ்ச மண்டபத்தைத் திறந்தப்ப குப்பையில உடையாம கிடைச்ச ஒரே மாடம் அது. கண்டெடுத்தது இவங்க. பக்கத்துல வேற யாரும் இல்லை. அசலை வித்துட்டு, போலி ஒண்ணைச் செஞ்சு வெச்சிருக்காங்க. செய்யறதுதான் செஞ்சாங்க, ஓட்டைக்குப் பொருந்தற மாதிரியாவது செஞ்சிருக்கலாம். தொல்பொருள் அலுவலகத்துக்காரங்க வரட்டும். அதுக்குள்ள அசல் துண்டு எங்கேன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்துடணும்."

பரிவஷ் சாரத்திலிருந்து இறங்கி வந்தாள். "அவங்க என் பேரை மீட்பு வேலைக்காரங்க வரிசையிலேருந்து அடிச்சுட்டா அவ்வளவுதான். அப்புறம் கோழிக்கூண்டுக்குக்கூடக் கூரை போட யாரும் கூப்பிட மாட்டாங்க." சொல்லிவிட்டு, கண்ணிமையில் படிந்த தூளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பாபக் அண்ணாந்து பார்த்தான். தலைகீழாகத் தொங்கும் தேன்கூடு என்று சொல்லலாம். சுவரோரம் ஒரு வரிசைச் சின்னச் சின்ன மாடங்கள். அதற்கு மேலே சற்று உள்ளே தள்ளி இன்னொரு வரிசை. அதற்கும் மேலே இன்னொன்று. இப்படி ஏறி ஏறி நடுவில் ஒரு நட்சத்திரத்தில் போய் முடிந்தது. வெள்ளை வெளேரென்று, வெயில் படும் இடமெல்லாம் நிழலை மடித்து மடித்து வைத்திருந்தது. மேற்கு மூலையில் மட்டும் பல் விழுந்தாற்போல ஒரு கறுப்பு ஓட்டை.

"இவ்வளவு கனம் தலைக்கு மேல இருக்கே, தாங்குமா?"

"அது எதையும் தாங்கலை," என்றாள் பரிவஷ். வேலையைப் பற்றிக் கேட்டதும் அவள் குரலில் தெம்பு வந்துவிட்டது. "நிஜக் கூரை அதுக்கும் மேல இருக்கு. இது அதுலேருந்து மரச்சட்டத்துலயும் நாணல்லயும் தொங்குது. காதுல கம்மல் தொங்குதே, அந்த மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல ஆள் தவழ்ந்து போற அளவுக்கு வெத்திடம்."

"இடிஞ்சு தூளாப் போனதைத் திரும்ப எப்படிக் கட்டினீங்க?" என்று கேட்டார் தூரான்.

"கூரையை முதல்ல தரையில கட்டணும் கானூம்."

அவள் காலடியைக் காட்டினாள். தரை முழுக்கச் சாந்து பூசி, அதில் ஆணியால் கோடு கீறியிருந்தது. நடுவில் நட்சத்திரம், அதிலிருந்து விரியும் கட்டங்கள், முக்கோணங்கள். மேலே இருக்கும் ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே ஒரு கோடு. மேலே ஒரு மாடத்தை வைத்ததும் அதன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை இறக்குவார்கள். குண்டின் முனை தரையில் உரிய கோட்டைத் தொட்டால் மாடம் சரியான இடத்தில் இருக்கிறது. விலகினால் மாடம் விலகியிருக்கிறது. கோடு உயரத்தைச் சொல்லாது. ஆனால் மாடங்களில் சில வகைகள்தான் உண்டு. எந்த வகைக்குப் பக்கத்தில் எந்த வகை உட்காரும் என்பதை வைத்து உயரம் தானாக வந்துவிடும்.

"நாலு மூலையும் ஒண்ணு போலத்தான் இருக்கும். கைக்குட்டையை நாலா மடிச்சு, ஒரு ஓரத்துல கத்தரி போட்டுப் பிரிச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. கால் பங்கு தெரிஞ்சா முழுசும் தெரியும். இந்தக் கூரையில மட்டும் ஒரே ஒரு வம்பு. ஒரு மூலையில ஒரு மாடம் ஒல்லியா, யாருக்கோ வழி விட்டு ஒதுங்கின மாதிரி சாஞ்சிருக்கு. பழைய போட்டோல தெளிவாத் தெரியுது. அந்த அளவுக்குத்தான் மேற்கு மூலையில இடம் விட்டேன்."

"மேஸ்திரி ஏன் அப்படிச் செஞ்சார்?"

"தெரியலை. அரைத் தூக்கத்துல செஞ்சிருப்பார்னு ஹாஜி சொல்றார்."

தூரான் கைகாட்டினார். ஹாஜி கையோடு தூக்கி வந்திருந்த கூண்டைத் திறந்தார், கைதியைப் பாபக்கிடம் ஒப்படைத்தார். அவன் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு இடது செருப்போடு சாரத்தில் ஏறினான். மேற்கு மூலை. ஓட்டைக்குள் துண்டை நுழைத்தான். ஓட்டை இடப்பக்கம் சாய்ந்தது, துண்டு வலப்பக்கம் சாய்ந்தது. திருப்பினான். இப்போது சாய்வு ஒத்துப்போனது. ஆனால் குழிவு கூரையைப் பார்த்துக்கொண்டு முதுகு அறையைப் பார்த்தது.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்கு கானூம். ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தர் முதுகைக் காட்டறாங்க."

அப்போதுதான் சுவர் பாடியது.

மெல்லிய, நெளிநெளியான பாட்டு. பாபக் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பாட்டு மேற்கிலிருந்து வரவில்லை. மண்டபத்தின் மறுகோடியில், கிழக்கு மூலைச் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"கானூம், இது ஜின்னு. ஆனா சுதி சேருது."

"என் கனாரி," என்றார் ஹாஜி, நெஞ்சில் கை வைத்து. "அதையும் திருடிச் சுவருக்குள்ள வெச்சுப் பூசிட்டாங்க."

"நீங்கதானே ஹாஜி திறந்து விட்டீங்க?" என்றாள் பரிவஷ். "நேத்து இந்த ஓட்டை வழியாத்தான் அது மேல போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"போனது மேற்குல. பாடறது கிழக்குல," என்றார் தூரான். வெள்ளரித் தோல் முழு நாடாவாகக் கீழே விழுந்தது. அவர் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு பரிவஷைப் பார்த்தார். "கிழக்கு மூலையில மாடம் வைக்கறப்ப ஏதாவது தகராறு உண்டா?"

பரிவஷ் தயங்கினாள். "அங்கே சுவர் கொஞ்சம் புடைச்சிருக்கு. பிற்காலத்துப் பூச்சுன்னு நினைச்சேன். மாடத்தோட முதுகைச் சீவி எடுத்துட்டு உள்ளே தள்ளினோம். இன்னும் ஈரம்கூடச் சரியாக் காயலை."

"பார்த்தீங்களா, சீவறாங்க," என்றார் ஹாஜி.

"ஹாஜி, இந்தக் கூரை எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுக்கு அந்தப் போட்டோவைத் தவிர வேற ஏதாவது இருக்கா?"

"எதுவும் கிடையாது. என் பெரியப்பா வீடு இது. என் கல்யாணம் இந்த மண்டபத்துலதான் நடந்துச்சு. அடுத்த மழையிலேயே கூரை விழுந்துடுச்சு. பெரியப்பா பூட்டுப் போட்டவர்தான், அப்புறம் திறக்கவே இல்லை. இப்ப நான் வாங்கி ஓட்டலாக்கறேன். எங்க பொன்விழாவுக்கு அதே கூரைக்குக் கீழ, அதே இடத்துல நானும் என் சம்சாரம் ஹாஜ் கானூமும் உட்காரணும்."

"அப்ப போலி செய்யறவங்க எதைப் பார்த்துச் செய்வாங்க?"

"போட்டோவைப் பார்த்துத்தான்."

"ஓட்டையையும் போட்டோவைப் பார்த்துத்தான் விட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே போட்டோவிலேருந்து வந்திருந்தா, போலி அச்சா உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். இது உட்காரலை. ஏன்னா இது போட்டோவைப் பார்க்காதது. போட்டோவுக்கு முன்னாலேயே பிறந்தது." தூரான் மீதி வெள்ளரிக்காயை வாயில் போட்டுக்கொண்டார். "பொருந்தாததாலதான் ஹாஜி இது அசல்."

கிழக்குச் சுவருக்குள் கனாரி மறுபடி பாடியது.

"அப்ப போலி எது?" என்றான் பாபக் மேலிருந்து.

"ஓட்டை."

பாபக் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். பரிவஷின் முகம் வெளுத்தது. திருட்டுப் பழி போய், தப்புக் கணக்குப் போட்ட பழி வந்தால் அவளுக்கு என்ன லாபம்? அலுவலகத்துக்காரர்கள் அதற்கும் பேரை அடிப்பார்கள்.

"போட்டோவை நான் அளந்து அளந்து போட்டேன் கானூம். ஒரு நூல்கூடப் பிசகலை."

"அதைத்தான் இப்பப் பார்க்கணும். படம் எங்கே?"

படம் பக்கத்து அறையில், சுவரில், தங்க முலாம் சட்டத்துக்குள் இருந்தது. அதன் கீழே ஹாஜியின் மனைவி கௌஹர் கானூம் தேநீர்த் தட்டோடு வந்து அமர்ந்தார். எல்லோரும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம். கல்யாண விரிப்புக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும். வடக்குச் சுவருக்கு முதுகு, முற்றத்தைப் பார்த்து முகம். தலைக்கு மேலே கூரையின் இரண்டு மூலைகள். பெண்ணின் தலைக்கு மேலே இருந்த மூலையில், படத்தின் இடது ஓரத்தில், அந்த ஒல்லி மாடம். படத்தின் வலது விளிம்பில் யாருடைய முழங்கையோ பாதி தெரிந்தது. முழங்கையிலிருந்து ஒரு தோல் வார் தொங்கியது.

"என் மூஞ்சியை உள்ளபடி பிடிச்ச ஒரே படம் இதுதான்," என்றார் ஹாஜி. "பாஸ்போர்ட்டுல, ஹஜ் அட்டையில, பேரன் போன்ல எடுக்கறதுல எல்லாம் நான் என் தம்பி மாதிரி இருக்கேன்."

"தலைகீழாச் சொல்றார்," என்றார் கௌஹர் கானூம். "மத்ததுல எல்லாம் இவர் இவரா இருக்கார். இதுலதான் இவர் தம்பி. ஆனா ஒண்ணு, என் முகம் இதுல மாதிரி வேற எதுலயும் விழலை."

"உன் முகம்தான் இதுல கொஞ்சம் கோணல்."

"உங்க கண்ணு கோணல்."

தூரான் ஹாஜியின் எதிரே போய் நின்று அவர் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஹாஜியின் கன்னத்தில் பட்டாணி அளவு ஒரு மச்சம். நேரில் பார்க்கும்போது அது தூரானின் இடது கைப் பக்கம் இருந்தது. படத்தில் வலது கைப் பக்கம்.

பாபக்கும் அதைக் கண்டுவிட்டான். "கல்யாணம் ஆனதும் மச்சமே இடம் மாறி ஓடியிருக்கு ஹாஜி. காஷான்காரங்க தேளுக்குப் பயப்பட மாட்டாங்க, பெண்டாட்டிக்குத்தான் பயப்படுவாங்கன்னு சொல்றது நிஜம்தான் போல."

"இஸ்பஹான்காரன் சிரிப்பைக்கூட வட்டிக்குத்தான் விடுவான்னு சொல்றதும் நிஜம்தான்," என்றார் கௌஹர் கானூம், அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டே. பாபக் கோப்பையோடு தோல்வியையும் வாங்கிக்கொண்டான்.

"கௌஹர் கானூம், நிக்காஹ் அன்னிக்கு நீங்க ஹாஜிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க?"

"இடது பக்கம். பொண்ணு வேற எங்கே உட்காருவா?"

"தொடங்கிட்டா," என்றார் ஹாஜி. "இதே சண்டை. படத்தைப் பாருங்க, எனக்கு வலது பக்கம் இருக்கா. உன் பேச்சை நம்பறதா, போட்டோவை நம்பறதா?"

"கிழக்குப் பக்கம்தான் உட்கார்ந்தேன். சுவர்லேருந்து ஜில்லுன்னு காத்து வந்து என் தலைத்துணி பறந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டேதான் சம்மதம் சொன்னேன்."

"படத்துல காத்து எங்கேயும் தெரியலையே."

தூரான் கானூம் இரண்டாவது வெள்ளரிக்காய்க்குக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. அவர் பார்வை தரையில் இருந்தது. முதலில் பாபக்கின் கால்கள், பிறகு ஹாஜியின் கால்கள்.

"ஹாஜி, உங்க செருப்பு கடிக்குதா?"

"காலையிலேருந்து உயிர் போகுது. இந்தக் கோபத்துல கவனிக்கலை."

ஹாஜியின் இரண்டு கால்களிலும் வலது செருப்பு.

"செருப்பு எதுவும் திருடு போகலை," என்றார் தூரான். குரலில் அவசரமே இல்லை. "போலிச் செருப்பும் கிடையாது. இடது செருப்பை எப்படித் திருப்பிப் பிடிச்சாலும் அது வலதாகாது. குப்புறப் போட்டாத்தான் வளைவு ஒத்துப்போகும், அப்ப அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும். பாபக், மேல அந்தத் துண்டு என்ன செஞ்சுது?"

"அதையேதான் செஞ்சுது." பாபக் தன் பாதங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வலது மூலைத் துண்டை இடது மூலையில திணிக்கறோமா?"

"ஆமா. திருடன் இந்தச் சட்டத்துக்குள்ள இருக்கான்."

ஹாஜி எழுந்து படத்தின் அருகே போனார். "இந்த முழங்கைக்காரனா? விருந்தாளி எவனோ."

"விருந்தாளி முழங்கையில கேமரா வார் எதுக்கு ஹாஜி? படம் எடுக்கறவனோட முழங்கை அவன் எடுக்கற படத்துக்குள்ளேயே எப்ப விழும்?"

தேநீர்த் தட்டுக்குப் பின்னால் கௌஹர் கானூம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"எங்க தாய்மாமா," என்றார் மூச்சு வாங்கி. "அவர்தான் எடுத்தார். எங்க அப்பா ரொம்பக் கண்டிப்பு. ‘என் பொண்ணு முகத்துக்கு நேரா எவனும் கேமராவைத் திருப்பக் கூடாது’ன்னுட்டார். மாமா சொல் தட்ட மாட்டார். ‘திருப்பலை அத்தான்’னார். எங்களுக்குப் பின்னால சுவரோரமாப் போய் நின்னுக்கிட்டு, விரிப்புல வெச்சிருந்த கல்யாணக் கண்ணாடியைப் படமெடுத்துட்டார்."

ஹாஜி வாயில் இருந்த சர்க்கரைக் கட்டியை அப்படியே விழுங்கிவிட்டார்.

கல்யாண விரிப்பில் கண்ணாடி வைப்பது எதற்கென்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை முதலில் அதில்தான் பார்க்க வேண்டும். ஹாஜியும் அப்படித்தான் பார்த்தார். லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வைத்த கண்ணாடி. அதில் அவர்கள் முகங்களோடு கூரையும் விழுந்தது, மாமாவின் முழங்கையும் விழுந்தது. கழுவும்போது கண்ணாடியின் விளிம்பை வெட்டி நீக்கி, முகங்களைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். விளிம்பு போனதும், அது கண்ணாடிக்குள் இருந்த படம் என்பதும் சேர்ந்து போய்விட்டது.

"நம்ம முகத்தை நாம நேராப் பார்த்ததே கிடையாது," என்றார் தூரான். "தினமும் காலையில கண்ணாடியில பார்க்கறதைத்தான் நம்ம முகம்னு நினைச்சுக்கறோம். அதனாலதான் ஹாஜிக்கு இந்தப் படத்துல அவர் முகம் பிடிச்சது, கானூமுக்கு கானூம் முகம் பிடிச்சது. எதிராளி முகம் மட்டும் ரெண்டு பேருக்கும் கோணலாத் தெரிஞ்சது. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். சண்டையே சாட்சியாப் போச்சு."

"அந்தக் காத்து?" என்று பரிவஷ் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். "காத்துக் கோபுரம். மேல அடிக்கற காத்தைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இறக்கறதுக்குக் கூரை மேல இருந்த கோபுரத்தை இடிச்சு, மண் பூசி மூடிட்டாங்க. ஆனா அதோட குழல் கிழக்குச் சுவருக்குள்ள இன்னும் இருக்கு. சுவர் புடைச்சது பூச்சு இல்லை, அது குழலோட முதுகு."

"மேஸ்திரி தூங்கலை," என்றார் தூரான். "குழலுக்கு வழி விட்டு ஒரு மாடத்தை ஒல்லியாக்கியிருக்கார். நீங்க அங்கே சாதாரண மாடத்தை வைக்கப் போனப்ப அது இடிச்சுது. இடிச்சதைச் சீவி எறிஞ்சீங்க. அந்தச் சுவர் வாய் திறந்து சொல்லிப் பார்த்துச்சு, நீங்க கேட்கலை. அப்புறம் கனாரி போய்ப் பாடிக் காட்டுச்சு."

அதற்குமேல் யாரும் தேநீர் குடிக்கவில்லை. பரிவஷ் ஒரு சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிழக்கு மூலைச் சாரத்தில் ஏறினாள். சீவி அடைத்த மாடத்தின் ஓரங்களை அறுத்தாள். ஈரம் காயாத சாந்து, கேக் போல வந்தது. மாடத்தைப் பிடுங்கியதும் உள்ளேயிருந்து மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய ஒன்று, சாம்பல் நிறத்தில் தும்மிக்கொண்டே பறந்து வந்து ஹாஜியின் தலையில் உட்கார்ந்தது.

ஹாஜி அசையவில்லை. அசைந்தால் பறந்துவிடும் என்ற பயம்.

பாபக் துண்டை மேலே நீட்டினான். பரிவஷ் அதை இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் வைத்தாள். தள்ளவில்லை. தட்டவில்லை. அதன் ஒதுங்கிய இடுப்பு குழலின் புடைப்பில் போய்ச் சாய்ந்துகொண்டது. பேருந்தில் தன் இருக்கையைக் கண்டுபிடித்த கிழவர்போல, ஒரு சின்ன ‘டொக்’ சத்தத்தோடு உட்கார்ந்தது. அவள் அதன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினாள். குண்டு ஆடி, ஆட்டம் அடங்கி, தரைக்கு மேலே நின்றது. அதன் கூர்முனைக்குக் கீழே கோடு இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்தது.

"பொருந்துது, ஆனா கோடு பொருந்தலை," என்றாள். "வர்றவங்க முதல்ல தரைக் கோட்டைத்தான் பார்ப்பாங்க."

ஹாஜி தலையில் பறவையோடு சாரத்தின் கீழே வந்து நின்றார். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினார்.

"இன்ஜினியர் கானூம், இந்த நாக்கு தப்பாப் பேசிடுச்சு. வர்றவங்ககிட்ட முதல்ல நான்தான் பேசுவேன். திருடினது என் மாமனாரோட கண்டிப்புன்னு சொல்றேன். உங்க காலடி என் கண்ணு மேல."

"முதல்ல அந்த வலது செருப்புல ஒண்ணை இப்படிக் குடுங்க ஹாஜி," என்றான் பாபக். "கண்ணு அப்புறம்."

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அலுவலகத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். கௌஹர் கானூம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், தன் கல்யாணக் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். தூரான் அதை வாங்கித் தரையில் சாய்த்து வைத்தார். சுவரிலிருந்து கழற்றி வந்த போட்டோவை அதன் எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் ஹாஜியின் மச்சம் தன் கன்னத்துக்குத் திரும்பி வந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த படத்தில் கௌஹர் கானூம் ஹாஜிக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தார். ஒல்லி மாடம் கிழக்கே நகர்ந்தது.

"இனிமே போட்டோவைப் பார்த்துக் கோடு போடாதீங்க," என்றார் தூரான் கானூம். "போட்டோவைக் கண்ணாடிக்கு எதிரே பிடிங்க. கண்ணாடியில தெரியறதைப் பார்த்து இந்த ரெண்டு மூலைக் கோட்டையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடுங்க. ஒல்லி மாடம் கிழக்குல, அது இப்ப இருக்கற இடத்துலயே இருக்கட்டும். மேற்கு ஓட்டைக்கு மத்த மூலைங்கள்ல இருக்கற மாதிரி சாதாரண மாடம் ஒண்ணை வார்த்து வெச்சு மூடுங்க. குண்டு கோட்டைத் தொடும்."